எஞ்சின் ஏன் கொதிக்கிறது?



தீயின் துணையால் இயங்கும் எந்தப் பொறியும், தான் பெறும் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றிவிட இயலாது. பிரான்சு நாட்டுப் பொறியியலறிஞர் சாதி கார்னோ 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறு நூலில் இவ்வுண்மைக்கு அடித்தளம் இட்டார். பின்வந்த அறிஞர்கள் அதனைத் திருத்தமாக வகுத்தனர். பெற்ற வெப்பத்தில் ஒரு பகுதி வேலையாகும். எஞ்சிய பகுதி குளிர்ந்த இடம் ஒன்றைத் தேடிச் சென்றே தீரும். பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழக் கால் பங்கே பயனுள்ள வேலையாகிறது. மற்றதில் ஏறக்குறையப் பாதி, புகையோடு சைலன்சர் வழியே வெளியேறுகிறது. மறு பாதியில் பெரும் பகுதியை எஞ்சினைச் சூழ்ந்துள்ள நீர் வாங்கிக்கொண்டு காற்றுக்கு வழங்க வேண்டியிருக்கிறது. அந்த நீர் தன் கடமையில் தவறும்போது எஞ்சின் கொதிக்கிறது. அது தவறுவதற்குரிய காரணங்கள் யாவை, அவற்றுள் உண்மைக் காரணத்தை எவ்வாறு கண்டறிவது, கண்டபின் என்ன செய்வது என்பனவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதற்கு எடுத்துக்காட்டாக ஜீப் வண்டியைக் கொள்கிறேன். திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் வழியில் திருப்பாலைவனம் என்னும் ஊர் உள்ளது. பெயரைக் கேட்டவுடன் மணற்பாலை என்று எண்ணிவிட வேண்டா. பாலை மரங்களால் வந்த பெயர் அது. எனினும் அதற்கு அப்பால், ஏரிக்கும் கடலுக்கும் அருகேயுள்ள மீனவர் குப்பங்களில் மணலுக்குக் குறைவில்லை. சக்கரம் புதையும் மணலிலும், மழைக்காலத்துச் சேற்றிலும் செல்வதற்கு நான்கு சக்கரங்களாலும் உந்தப்பெறும் வண்டி ஏற்றதாகும்.

இத்தகைய வண்டிகளுள் பெயர்பெற்ற ஜீப், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்காக உருவானது. வில்லிஸ் நிறுவனம் 1941ஆம் ஆண்டு முதல் அதனைப் பெருந்தொகையாகச் செய்தது. 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைத் திறனும் உடைய நான்கு சிலிண்டர் எஞ்சின் அதில் இருந்தது. நம் நாட்டில், 1945ஆம் ஆண்டில் தோன்றிய மகீந்திரா நிறுவனம் சில ஆண்டுகளுக்குள் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பூட்டத் தொடங்கியது. பின்னர் தானே செய்யலாயிற்று. 1953ஆம் ஆண்டில் வெளிவந்த 'சி.ஜே.-3பி' என்னும் உயர்ந்த முகப்புடைய ஜீப் அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டோடு நின்றது. இந்தியாவிலோ அதன் வழிவந்த வண்டிகள் அதன் பின்னும் பல பத்தாண்டுகள் செய்யப்பெற்றன. ஆகையால் அப்பழைய அமைப்புடைய ஜீப்புகளை இன்றும் நம் சாலைகளில் காணலாம்.

இனி, நீர் செல்லும் வழியைப் பார்ப்போம். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் ஒரு கணத்திற்கு 2,000 டிகிரி செல்சியசையும் தாண்டும். சிலிண்டர்களைச் சுற்றி இரும்பு வார்ப்பிலேயே இடைவெளி விட்டு, அதில் நீரை நிரப்பியிருப்பார்கள். இதனை நீருறை என்னலாம். எஞ்சினின் முன்புறமுள்ள வாட்டர் பம்ப் நீரை இவ்வுறைக்குள் தள்ளுகிறது. சூடேறிய நீர் மேலே எழுந்து தெர்மோஸ்டாட் என்னும் வாயிலை அடைகிறது. நீர் குளிர்ந்திருக்கும் வரை இவ்வாயில் மூடியிருக்கும். ஏறத்தாழ 80 டிகிரியில் தானே திறந்துகொள்ளும். பின்னர் நீர் மேல் ரப்பர்க் குழாய் வழியே ரேடியேட்டரின் மேல்தொட்டிக்குச் சென்று, மெல்லிய பல குழல்களின் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது. குழல்களைச் சுற்றியுள்ள தகடுகளின் இடையே விசிறி காற்றை இழுக்கிறது. குளிர்ந்த நீர் கீழ்க்குழாய் வழியே மீண்டும் பம்புக்கு வருகிறது. 1901ஆம் ஆண்டில் வில்லெம் மேபாக் என்னும் ஜெர்மானியர் மெர்சிடிஸ் வண்டிக்கு எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழல்களைத் தேனடை போல் அடுக்கி ரேடியேட்டர் அமைத்தார். நீரும் காற்றும் பெரும்பரப்பில் சந்திக்க வேண்டும் என்பதே அன்றும் இன்றும் அதன் தத்துவம்.

ரேடியேட்டரின் மூடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் இது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். அமுக்கம் மிகுந்தால் கொதிநிலை உயரும். வில்லுடைய மூடி ஒன்று, காற்றின் அமுக்கத்திற்கு மேல் சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அமுக்கத்தை உள்ளே நிறுத்துமாயின், நீர் ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதியாமல் இருக்கும். அந்நிலையில் ஒருவர் மூடியைத் திருகினால் அமுக்கம் சட்டென்று நீங்குகிறது. 100 டிகிரிக்கு மேல் சூடேறி நிற்கும் நீரில் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகிறது. ஒரு பங்கு நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 பங்கு இடத்தை வேண்டுகிறது. அந்த ஆவி கொதிநீரையும் வாரிக்கொண்டு திறந்தவரின் முகத்திலும் கையிலும் பாய்கிறது. பலர் கண்ணுக்கும் தோலுக்கும் ஆறாத ஊறு தேடிக்கொண்டது இவ்வாறுதான். எஞ்சின் நன்றாக ஆறும் வரை, மூடியின் மேல் கையை வைத்தால் சுடாத நிலை வரும் வரை, அதனைத் திறத்தல் கூடாது. அதன் பிறகும் தடித்த துணியைப் போர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, முதற்படி மட்டும் திருகி, ஆவி வெளியேறிய பின்பே முழுதும் எடுக்க வேண்டும்.

கொதிப்பு ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. காய்ச்சல் கண்டவருக்கு நெற்றியில் ஈரத்துணி போடலாம். ஆனால் காய்ச்சலின் காரணம் அதனால் தெரிந்துவிடாது. நோய் இன்னதென்று முதலில் ஆராய வேண்டும். அதன் காரணத்தை அடுத்து ஆராய வேண்டும். தணிக்கும் வழியை அதன்பின் தேட வேண்டும். மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த இவ்வரிசை, வண்டி பழுது பார்ப்பவருக்கும் பொருந்தும். நடைமுறையில் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். கைக்கு எட்டிய பாகத்தை மாற்றிப் பார்க்கிறார்கள். தீராவிட்டால் அடுத்ததை மாற்றுகிறார்கள். பாகங்களின் விலையெல்லாம் வண்டிக்காரர் தலையில் விழுகிறது.

கருவியைக் கையில் எடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எஞ்சின் எப்போது கொதிக்கிறது? இதற்கு வரும் விடை, தேட வேண்டிய இடத்தைப் பெரும்பாலும் குறுக்கிவிடும்.

நின்ற இடத்திலும் மெதுவாகச் செல்லும்போதும் கொதித்து, வேகமாகச் செல்லும்போது தணிந்தால், குறை காற்றோட்டத்தில் இருக்கக்கூடும். வண்டியின் வேகமே காற்றைத் தள்ளும்போது விசிறியின் குறை மறைந்துவிடுகிறது. விசிறிப் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே மணலும் பதரும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். மணலில் தாழ்ந்த கியரில் ஊர்ந்து செல்லும் ஜீப்புக்கு இது பெருந்துன்பம். எஞ்சின் கடுமையாக உழைக்கிறது, எதிர்க்காற்றோ இல்லை.

இதற்கு மாறாக, நின்றால் ஒன்றுமில்லை, பாரமேற்றி நெடுந்தொலைவு ஓடும்போது மட்டும் படிப்படியாகச் சூடேறுகிறது என்றால், குறை நீரோட்டத்தில் இருக்கக்கூடும். குழல்கள் அடைபட்டிருக்கலாம், அல்லது பம்ப் உறிஞ்சும் வேகத்தில், நைந்துபோன கீழ்க்குழாய் உட்சுருங்கி வழியை அடைக்கலாம்.

நேற்றுவரை நன்றாக இருந்து இன்று திடீரென்று கொதித்தால், பெல்ட் அறுந்ததா, குழாய் கிழிந்ததா, தெர்மோஸ்டாட் மூடியவாறே நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினை முடுக்கிய சிறிது நேரத்திலேயே, நீர் சூடாகுமுன், ரேடியேட்டரில் குமிழிகள் இடைவிடாது எழுந்தால், ஹெட் காஸ்கெட் பழுதுபட்டு எரிவாயு நீருறைக்குள் கசிகிறது எனலாம். எஞ்சின் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் நீர் அதனுள் புகுந்துள்ளது. அந்நிலையில் வண்டியை ஓட்டுதல் தகாது.

விடை கிடைத்த பின்னும், செலவில்லாத சோதனையிலிருந்து செலவு மிக்க சோதனைக்குச் செல்வதே முறை. முதலில் வெப்பங்காட்டும் மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் நலமாக இருக்க, மீட்டர் மட்டும் பொய் சொல்வதும் உண்டு. அடுத்து நீரின் அளவு, கசிவு, பெல்ட்டின் இறுக்கம், குழாய்களின் நிலை ஆகியவற்றைக் காண வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகு பெல்ட்டின் நடுப்பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால் அது ஏறத்தாழ அரை அங்குலம் தாழலாம். மிகத் தாழ்ந்தால் தளர்ச்சி. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அமுக்கம் நில்லாது. பெட்ரோல் எஞ்சினாயின் தீப்பொறி உரிய நேரத்தில் பிறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிந்திப் பிறந்தால் வெப்பம் வேலையாகாமல் நீருக்குச் செல்லும். சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே இருந்தாலும் எஞ்சின் வீணே உழைத்துச் சூடேறும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது பள்ளியிலேயே செய்யத்தக்கது. அதனைக் கழற்றி நூலில் கட்டி, நீருள்ள பாத்திரத்தில் அடியில் படாதவாறு தொங்கவிடுங்கள். அருகில் ஒரு வெப்பமானியையும் தொங்கவிட்டு, ஆசிரியரின் மேற்பார்வையில் நீரைச் சூடாக்குங்கள். அதன்மீது பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டி வாயில் திறக்க வேண்டும். திறவாவிடில் அது பயனற்றது. சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இனித் தொல்லையில்லை என்பர். அவ்வாறு செய்தால் எஞ்சின் உரிய சூட்டை அடைய நெடுநேரமாகும், எரிபொருள் வீணாகும், சிலிண்டரும் விரைவில் தேயும். கொதிப்பின் உண்மைக் காரணமோ அப்படியே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கண்ட ஒரு நிகழ்ச்சி இம்முறையை விளக்கும். திருப்பாலைவனத்தை அடுத்த குப்பம் ஒன்றில் இறால் வாணிகம் செய்யும் ஒருவர் பழைய டீசல் ஜீப் வைத்திருந்தார். விடியற்காலையில் இறாலைப் பனிக்கட்டியில் இட்டுப் பொன்னேரிக்குக் கொண்டுசெல்வார். வழியில் வண்டி கொதித்து நின்றால் பனிக்கட்டி உருகும். இறாலின் விலை பாதியாகும். அன்றைய முதலே கைவிட்டுப் போகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தார்கள்; பம்பை மாற்றினார்கள்; கொதிப்பு நிற்கவில்லை. இறுதியில் எஞ்சினையே பிரித்து வேலை செய்ய வேண்டும் என்று ஒரு பெருந்தொகை கேட்கப்பட்டது. மனைவியின் நகையை அடகு வைக்க எண்ணியிருந்த நேரத்தில் அவர் என்னைக் கண்டார். நான் பௌதிகம் கற்பித்தவன் என்பதை அவர் அறிவார்.

"ஐயா, எஞ்சினைப் பிரித்தே தீர வேண்டும் என்கிறார்கள்" என்றார்.

"தம்பி, வண்டி எப்போது கொதிக்கிறது?" என்று கேட்டேன்.

குப்பத்துக்குள் மணலில் ஊர்ந்தால் ஒன்றுமில்லை என்றும், பாரத்தோடு சாலையில் வேகம் பிடித்தால் சிறிது தொலைவில் முள் ஏறத் தொடங்குகிறது என்றும், ஓராண்டாக இது சிறிது சிறிதாக வளர்ந்து வந்தது என்றும் சொன்னார். குளிர்ந்த எஞ்சினில் குமிழி இல்லை. எண்ணெய் தெளிவாக இருந்தது. ஆகவே காஸ்கெட்டின் மேல் ஐயமில்லை. கீழ்க்குழாய் உறுதியாக இருந்தது. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, விசிறி அசைவற்ற பின் ரேடியேட்டரின் முகப்பைக் கையால் தடவிப் பார்த்தோம். மேற்பகுதி சுட்டது, நடுவிலும் கீழ்ப்புறத்திலும் பல இடங்கள் குளிர்ந்து கிடந்தன. சூடான நீர் அவ்விடங்களுக்குச் செல்லவில்லை என்பது அதன் பொருள். மூடியின் வாயைச் சுற்றி வெண்ணிறப் பொருக்குப் படிந்திருந்தது. எந்த நீரை ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். வீட்டருகேயுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் என்றார். அந்நீர் உவர்நீர்.

இங்கே பழவேற்காட்டு ஏரியையே பாடப் புத்தகமாகக் கொள்ளலாம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் பிற ஆறுகளும் நன்னீர் கொண்டுவரும்போது ஏரியின் உப்பு குறைகிறது. கோடையில் நீர் ஆவியாகிச் செல்கிறது. உப்பு எஞ்சி நிற்கிறது. எஞ்சிய நீர் மேலும் கரிக்கிறது. ரேடியேட்டரிலும் இதுவே நிகழ்கிறது. ஆவியாகி வெளியேறுவது தூய நீர் மட்டுமே. குறைந்த அளவுக்கு மீண்டும் உவர்நீரை ஊற்றினால், முன்னிருந்த உப்போடு புது உப்பும் சேர்கிறது. கொதிக்கும்தோறும் ஊற்றி, ஊற்றும்தோறும் உப்பைப் பெருக்கி, அவ்வண்டியின் வயிற்றில் ஓர் உப்பளமே உண்டாகியிருந்தது.

அந்த உப்புகள் இருவகையில் தீங்கு செய்தன. நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகச் சுவரில் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் நீங்கள் காணும் வெண்படலம் அதுவே. இப்படலம் வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல், இரும்பின் ஆற்றலில் மிகச் சிறிய பங்கேயாகும். சோற்றுப்பு எளிதில் படியாது. ஆயினும் அது வேறு வழியில் கெடுக்கிறது. எஞ்சின் வார்ப்பு இரும்பாலானது. பழைய ரேடியேட்டர் செம்பாலும் பித்தளையாலும் ஆனது. இருவேறு உலோகங்களும் இடையே மின் கடத்தும் உப்புநீரும் இருந்தால் ஒரு மின்கலம் உருவாகிறது என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் இரும்பு அரிக்கப்படுகிறது. அரிந்த துரு சேறாகி, குறுகிய குழல்களை அடைக்கிறது. பழவேற்காட்டில் கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களில், நீர்ப்போக்கு நின்று மீன்வளம் குன்றுவதை மீனவர் அறிவர். ரேடியேட்டரின் குழலும் அத்தகையதொரு முகத்துவாரந்தான்.

அவர் பொன்னேரியில் ஒரு பட்டறைக்கு ரேடியேட்டரைக் கொண்டுசென்றார். அங்கே தொட்டிகளைப் பிரித்து, குழல்தோறும் மெல்லிய கம்பி செலுத்தித் துலக்கி, மீண்டும் ஈயம் பற்றவைத்தார்கள். எஞ்சினின் வடிகுழாயைத் திறந்து, வழக்கமான திசைக்கு எதிராக நன்னீரைச் செலுத்தி, நீருறையைத் தெளிந்த நீர் வரும் வரை கழுவினார்கள். செங்கற்பொடி கரைத்தாற்போன்ற நீர் நெடுநேரம் வந்தது. கழற்றிய தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியது பூட்டப்பெற்றது. எஞ்சின் வேலைக்குக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கும் இதற்கு ஆகவில்லை. நகை வீட்டிலேயே இருந்தது; வண்டி பாரத்தோடு கொதியாமல் பொன்னேரி சென்று வந்தது.

மீண்டும் அந்நிலை வாராமல் காப்பது எவ்வாறு? காய்ச்சி வடித்த நீரும் கூலண்ட் என்னும் திரவமும் உரிய அளவில் கலந்து ஊற்றுவதே சிறந்தது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையைச் சற்று உயர்த்துகிறது. அதனோடு சேர்த்துள்ள மருந்துகள் துருவைத் தடுக்கின்றன. வடித்த நீர் கிடையாத இடத்தில் மழைநீர் உதவும். மழை என்பது கதிரவன் காய்ச்சி வடித்த நீர். கடலோரத்தில் கூரையின்மேல் உப்புத்தூள் படிந்திருக்குமாதலால், முதல் மழை கூரையைக் கழுவிச் சென்ற பின் பெய்யும் நீரையே பிடிக்க வேண்டும். ஆனால் வெறும் மழைநீரும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். துருத்தடுப்பு மருந்து அதற்கும் வேண்டும். இன்னொன்று: எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதவாறு அதனை மூடி வைக்க வேண்டும். வடித்தெடுத்த பழைய கூலண்டைத் தரையிலோ ஏரியிலோ கொட்டுதல் பெரும் பிழை. பட்டறையில் சேர்த்துவிட வேண்டும்.

வழியில் வண்டி கொதித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அரைமணி நேரமாயினும் ஆற விடுங்கள். சுடும் எஞ்சினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு ஒருபுறம் சட்டென்று சுருங்கி வெடித்துவிடும். ஆறிய பின் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். வேறு வழியின்றி உவர்நீரையே ஊற்ற நேர்ந்தால், ஊர் சேர்ந்தவுடன் அதனை வடித்து நன்னீரால் கழுவிவிடுங்கள். உயிர் காக்க ஒருமுறை ஊற்றிய நீர் தீங்கன்று. அதனை உள்ளேயே விட்டுவைக்கும் சோம்பலே தீங்கு.

உங்கள் பள்ளியில் செய்து பார்க்க ஒரு சிறு சோதனை சொல்கிறேன். இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஊர்க் கிணற்று நீரையும் மற்றதில் மழைநீரையும் ஒரே அளவில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் வற்றிய பின் இரு தட்டுகளையும் ஒப்பிடுங்கள். கிணற்று நீர் விட்டுச்சென்ற வெண்படலத்தைக் கண்டீர்களானால், உங்கள் ஊரில் ஓடும் வண்டிகளின் ரேடியேட்டருக்குள் என்ன நிகழ்கிறது என்பது விளங்கும். விளங்கியதை வீட்டில் வண்டி வைத்திருப்பவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். படித்த பிள்ளைகள் இருக்கும் ஊரில், ஒரு பிடி உப்பின் பொருட்டு எவரும் நகையை அடகு வைக்க நேரிடலாகாது.